பத்து நிமிடக் கவர்ச்சி

அன்புள்ள சார்,

அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பெறும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பித்திருக்கிறேன். மருத்துவம் படித்தது வெளிநாட்டில். வந்த இன்டர்வியூ எல்லாமே ஜூமில்தான். நேரில் போனால் பத்து நிமிடத்தில் யாரையும் கவர்ந்துவிடுவேன், திரை முன்னால் உட்கார்ந்தால் உறைந்துபோகிறேன். 2020க்கு முன்னால் விண்ணப்பித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். திரையில் நான் யார் என்பதை எப்படிக் காட்டுவது? பின்னணி எப்படி இருக்க வேண்டும்? நன்றி மெயில் அனுப்பலாமா? இடங்களை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கும் ரேங்க் லிஸ்ட்டில் எனக்குப் பிடித்த இடத்தைக் கீழே இறக்கிவிட்டு, என்னைப் பிடித்திருப்பதாகத் தெரியும் இடத்தை முதலில் போடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பின்னணிக்கு வெறும் சுவர் போதும். நன்றி மெயில் வேண்டாம் என்று சொல்லும் இடங்களுக்கு அனுப்பாதீர்கள், மற்ற இடங்களுக்கு இரண்டு வரி. இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

‘பத்து நிமிடத்தில் கவர்ந்துவிடுவேன்’ என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். கவர்ந்துவிடுவீர்கள், சரி. அப்புறம்? நீங்கள் கேட்பது மூன்று வருட வேலை. இரவு மூன்று மணிக்கு சோடியம் இறங்கிப் பிதற்றிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் அந்தக் கவர்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்?

1979இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நேர்காணல் எல்லாம் முடித்து 150 பேரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு மாநிலச் சட்டமன்றம், இன்னும் 50 பேரைச் சேருங்கள் என்றது. அதற்குள் நல்ல ரேங்க் வாங்கியவர்கள் வேறு கல்லூரிகளில் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது 800 பேர் பட்டியலின் அடிப்பகுதி. வேறு வழியில்லாமல் அவர்களை எடுத்தார்கள். என்ன ஆனது என்று 1987இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் எழுதினார்கள்: படிப்பு, வார்டு வேலை, பாதியில் விட்டுப்போவது, எதிலும் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முதலில் அவர்களைக் கீழே தள்ளியதில் மதிப்பெண்ணைவிட நேர்காணலுக்குத்தான் பெரிய பங்கு. அது மாணவர் சேர்க்கை, இது ரெசிடென்சி என்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது இரண்டிலும் டாக்டர்கள்தானே?

நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை, என் பக்கத்தில் இருந்த சீனியர் ஒரு பையனுக்கு முழு மதிப்பெண் போட்டார். பேசிய நேரத்தில் பாதி மாரத்தான் பற்றி, இருவருமே ஓடுகிறவர்கள். அடுத்து வந்த பெண், தான் தவறவிட்ட ஒரு நோயைப் பற்றியும், அந்தக் குடும்பத்திடம் திரும்பப் போய் அதை ஒப்புக்கொண்டதைப் பற்றியும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ‘சுறுசுறுப்பு போதாது’ என்று எழுதினார் சீனியர். நான் சண்டை போட்டேன். மதிப்பெண் மாறவில்லை. அன்றைக்கு அந்த அறையில் எந்தத் திரையும் கிடையாது.

நேர்காணல் செய்பவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அதன் பிறகுதான் தங்களுக்குள் பேச வேண்டும். ஜூமில் இதைச் செய்வது ரொம்பச் சுலபம். செய்கிற இடங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், யாரையும் கவர வேண்டியதில்லை. உறைந்துபோகும் ஆளுக்கு அதைவிட நல்ல இடம் எது?

கொடுத்துவைத்தவர்கள் என்கிறீர்களே, விமான டிக்கெட், ஓட்டல் என்று ஊர் ஊராக அலைந்து கடன் அட்டையில் ஏற்றிவைத்தவர்களையா? அவர்களில் யாராவது ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், நன்றாகத் திட்டுவார்.

அவர்களுக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காத ஒன்று உண்டு. அவர்கள் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். அங்கே பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட்கள், பயிற்சியை நடத்தும் டைரக்டர் இல்லாதபோது எப்படிப் பேசுகிறார்கள், நர்ஸ் கூப்பிட்டால் எப்படித் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் நடந்து போகும்போது தெரிந்துவிடும். ஜூமில் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரெசிடென்ட்கள் மட்டும் இருக்கும் அமர்வைத் தவறவிடாதீர்கள். வேலை நேரம் நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது 2003 முதல் விதி. ‘தாண்டினால் அதைப் பதிவு செய்ய விடுகிறார்களா?’ என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ரேங்க் லிஸ்ட் கேள்விக்கு உங்கள் காதைத் திருக வேண்டும். பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் மாற்றியமைத்த முறையில்தான் 1998லிருந்து மேட்ச், அதாவது இரு தரப்புப் பட்டியல்களையும் வைத்து இடம் ஒதுக்கும் கணக்கு, நடக்கிறது. கணக்கு விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்து தொடங்கும். முதல் இடம் கைவிட்டால், இரண்டாவது இடத்தை முதலிலேயே போட்டிருந்தால் என்ன வாய்ப்போ அதே வாய்ப்புதான் அங்கே கிடைக்கும். ஒரு துளியும் குறையாது. இந்தத் துறைக்காக 2012இல் ராத்துக்கு நோபலே கொடுத்துவிட்டார்கள். நீங்கள் இன்னும் இன்டர்வியூ எடுத்தவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று ஜோசியம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பிடித்த இடத்தை முதலில் போடுங்கள். லிஸ்ட்டை உறுதி செய்த பிறகு யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டாம், என்னிடமும்தான்.