ஒரு காரின் பவர் அதிகமான வேரியன்ட்டை மட்டும் சில நாடுகளுக்கு ஏன் தருவதில்லை?

பெரும்பாலான சமயம் நிறுத்தி வைக்கப்படுவது இன்ஜின் இல்லை, பாடி, அதாவது காரின் உடல் வடிவம். இது தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரிதான். "எங்கள் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் காரை ஓட்டும் தகுதி இல்லையா" என்று கோபப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன். கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

மெர்சிடிஸ் ஏ45 ஏஎம்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் வந்த ஹாட்ச்பேக், இரண்டு லிட்டர் டர்போ, 360 குதிரைத்திறன். அமெரிக்காவில் அதை விற்கவே இல்லை. ஆனால் அதே இன்ஜினோடு சிஎல்ஏ45, ஜிஎல்ஏ45 இரண்டும் அங்கே போயின. டொயோட்டாவும் அப்படித்தான், 2020-ல் வந்த மூன்று கதவு ஜிஆர் யாரிஸ் அமெரிக்காவுக்குப் போகவில்லை, அதன் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் மட்டும் ஜிஆர் கொரோலாவுக்குள் ஏறிப் போய்ச் சேர்ந்தது. பிஎம்டபிள்யூ எம்3 செடான் அங்கே கிடைக்கும், பின்பக்கம் நீண்ட எஸ்டேட் பாடியான எம்3 டூரிங் கிடைக்காது. வேகத்துக்குப் பயந்து செய்கிற வேலையா இது? இல்லை.

காரணம் சான்றிதழ், அதாவது அந்த பாடி அந்த நாட்டு விதிகளுக்கு ஒத்துப்போகிறது என்று காட்டுவது. ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாம் 1958-ல் போட்ட ஐநா ஒப்பந்தத்தின் கீழ் வரும் வாகன விதிகளை ஒட்டிப் போகின்றன. அமெரிக்கா அதில் சேரவில்லை, அதன் விதிப் புத்தகம் தனி. அங்கே மோதல் சோதனைகளில் ஒன்றைப் பொம்மைக்கு சீட் பெல்ட் போடாமலே, மணிக்கு 32 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் செய்ய வேண்டும். பெல்ட் போடாத ஆள் முன்னால் வழுக்கி வரும்போது முழங்கால் எங்கே போய் இடிக்கும், ஏர்பேக் எந்த நொடியில் எவ்வளவு விரிய வேண்டும் என்பதெல்லாம் அதற்காகத் தனியாகக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியவை, ஐரோப்பாவில் இந்தச் சோதனையே கிடையாது. அப்புறம் பெட்ரோல் போடும்போது டேங்கிலிருந்து வெளியே தள்ளப்படும் ஆவியைக் காருக்குள்ளேயே பிடித்து வைக்க வேண்டும், அதற்குப் பெரிய கரி டப்பா, அதை வைக்க பாடிக்குள் இடம். நூறு குதிரைத்திறன் காரானாலும் நானூறானாலும் இந்த வேலை அத்தனையும் உண்டு. செலவும் ஒரு லட்சம் கார் விற்றாலும் ஆயிரம் விற்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரண மாடல் அந்த நாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அது இந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் மொத்தமும் அந்தச் சில நூறு வேகக் கார்களின் தலையில் விழும்.

எண்ணிக்கைதான் விஷயம் என்பதற்கு எதிர்த்திசையிலும் உதாரணம் இருக்கிறது. எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அமெரிக்காவுக்கு வந்தபோது சாதாரண கோல்ஃப் வரவில்லை, வேக மாடல்களான கோல்ஃப் ஜிடிஐயும் கோல்ஃப் ஆரும் மட்டும் வந்தன, ஏனென்றால் அங்கே விலை போனவை அவைதான். 2024-ல் ஐரோப்பாவில் சைபர் பாதுகாப்பு விதி வந்தபோது போர்ஷே 718-ன் சாதாரண பெட்ரோல் மாடல்கள் விற்பனையிலிருந்து போயின, ஆனால் எல்லாவற்றையும் விட வெறித்தனமான ஜிடி4 ஆர்எஸ்ஸும் ஸ்பைடர் ஆர்எஸ்ஸும் குறைந்த எண்ணிக்கைத் தயாரிப்பு என்ற விலக்கில் தப்பித்தன!

ஐரோப்பாவில் இன்னொரு தொல்லை கார்பன் கணக்கு. ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களுக்கும் சேர்த்து, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று சராசரி பார்ப்பார்கள், வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். ஆக ஒரு வேக ஹாட்ச்பேக் விற்றால் அதை ஈடுகட்ட வேறு சுத்தமான கார்களை விற்றாக வேண்டும். அடுத்த ஃபோகஸ் ஆர்எஸ்ஸை ஃபோர்டு 2020-ல் கைவிட்டதற்கு இந்த விதிகள்தான் முக்கியக் காரணம்.

சில சமயம் காரை அனுப்பிவிட்டு பவரைக் குறைப்பார்கள். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர் ஐரோப்பாவில் 221 கிலோவாட், ஆஸ்திரேலியாவில் 206, வெப்பமான ஊர் என்பது காரணம். 90-களில் வந்த ஈ36 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 ஐரோப்பாவில் 286 குதிரைத்திறன், அமெரிக்காவில் எளிமையான வேறு இன்ஜினோடு 240. பலர் இன்னும் இதைத் திட்டுகிறார்கள், நான் திட்டமாட்டேன். விலையைக் கட்டுக்குள் வைத்துக் காரைக் கொண்டு வந்து சேர்த்தார்களே, அதற்கு முந்தைய ஈ30 எம்3-ஐ வலதுபக்க ஸ்டீயரிங்கோடு தயாரிக்கவே இல்லை, பிரிட்டனில் வாங்கியவர்கள் இடதுபக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்டினார்கள்.

வரியும் உண்டு. இத்தாலியில் இரண்டு லிட்டருக்கு மேல் போனால் வரி எகிறும் என்பதால், எம்3 இன்ஜினையே இரண்டு லிட்டருக்குச் சுருக்கி 320ஐஎஸ் என்று இத்தாலிக்கும் போர்ச்சுகலுக்கும் தனியாகச் செய்தது பிஎம்டபிள்யூ. மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அந்தக் கார்.

சரி, கோபம் எங்கே போக வேண்டும் என்றேனே. ஆடி ஏ4 ஆல்ரோடு அமெரிக்காவில் வருடக்கணக்கில் விற்றது. எஸ்டேட் பாடி அங்கே இருந்தது, சான்றிதழ் வாங்கியாயிற்று, இருந்தும் அதே எஸ்டேட்டின் வேக மாடலான ஆர்எஸ்4 அவான்ட் போகவில்லை. இந்த மாதிரி இடத்தில் விதியைக் குறை சொல்ல முடியாது. தயாரிப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் சொந்தக் கண்டத்திலேயே எளிதாக விற்றுவிடலாம் என்ற கணக்குதான். ஒரு முறைகூட விற்றுப் பார்க்காத ஊரைப் பற்றி "அங்கே கேட்க ஆளில்லை" என்று ஒரு நிறுவனம் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 2019-ல் அறிமுகமான தலைமுறை ஆடி ஆர்எஸ்6 அவான்ட்டை முதன்முறையாக அமெரிக்காவில் விட்டார்கள், ஆள் இல்லாமலா போனது?

ஆகவே உங்கள் ஊருக்கு ஒரு கார் வருமா என்று தெரிய வேண்டுமானால், முதலில் அதன் சாதாரண மாடல் அங்கே ஷோரூமில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, 25 வயதான காருக்குப் பாதுகாப்பு விதி பொருந்தாது, 1999-ல் செய்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 அப்படித்தான் 2024-ல் அங்கே இறங்க ஆரம்பித்தது. முதல் ஜிஆர் யாரிஸ்களுக்கு அந்த வாய்ப்பு 2045-ல்.