குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள ஆங்கிலச் சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் சில எழுத்துகள் இருக்கின்றன, அவை வரும் ஆங்கிலச் சொற்களை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்தால், எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் பலகை விரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எழுத்துகள் அடுத்தடுத்து ஒட்டி வர வேண்டுமா? சொல்லுக்குள் எங்காவது இருந்தால் போதுமா? இல்லை, கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்தே சொல் அமைய வேண்டுமா? மூன்றுக்கும் வழி வேறு வேறு. இதைப் பிரிக்காமல் தேடினால் நூற்றுக்கணக்கில் சொற்கள் வந்து குவியும், வேண்டியது கிடைக்காது.

ஒட்டி வருவதைத் தேடுவது சுலபம். ஒன்லுக் என்ற இணைய அகராதித் தேடல் தளத்தில் அந்த எழுத்துகளுக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் போதும். டபிள்யூ, கே, டபிள்யூ என்று ஒட்டி வரும் சொல் உண்டா என்று அக்கா மகன் ஒருநாள் கேட்டான். போட்டுப் பார்த்தோம், ‘ஆக்வேர்ட்’ வந்தது. எழுத்து வரும் இடமும் தெரியும் என்றால், தெரியாத ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் ‘வேர்டில்’ விளையாட்டை ஆடுபவர்களுக்கு இது கைகொடுக்கும்.

எங்காவது இருந்தால் போதும் என்றால், அரிதான எழுத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்கிராபிளை உருவாக்கிய அமெரிக்கர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணியவர். அதனால்தான் 100 வில்லைகளில் ஈ மட்டும் 12 இருக்கிறது. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், புள்ளியும் பத்துப் பத்து. ஈ உள்ள சொற்களைத் தேடினால் அகராதியில் பெரும்பகுதி வந்துவிடும். க்யூவும் இசட்டும் சேர்ந்து வரும் சொற்களை யோசியுங்கள்: குவிஸ், குவார்ட்ஸ், ஸ்குவீஸ். பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. லினக்ஸ் அல்லது மேக் கணினி வைத்திருப்பவர்கள் கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தரும் ‘கிரெப்’ கட்டளையால் சொற்பட்டியலை முதலில் க்யூவுக்கும், வந்ததை மறுபடி இசட்டுக்கும் சலிக்கலாம்.

சரி, மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருமுறை ஸ்கிராபிளில் என் பங்குக்கு ஏ, ஈ, ஜி, ஐ, எல், என், ஆர் என்று ஏழு எழுத்துகள் விழுந்தன. ஏழையும் ஒரே முறையில் வைத்தால் கூடுதலாக 50 புள்ளி. ஐ, என், ஜி மூன்றையும் பார்த்ததும் ‘இங்’ என்று முடியும் சொல்தான் என்று நினைத்து, அவற்றை வலது ஓரமாக ஒதுக்கினேன். மீதி நான்கை எப்படி மாற்றி வைத்தும் எதுவும் அமையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒரு விரலால் ஆர், ஈ இரண்டையும் இடது ஓரத்துக்குத் தள்ளினாள். மிச்சம் இருந்தவை ஏ, எல், ஐ, ஜி, என். ‘அலைன்’! முன்னால் ‘ரீ’ சேர்ந்தால் ‘ரீஅலைன்’.

அன்றிலிருந்து இதைத்தான் செய்கிறேன். ‘இங்’, ‘இயர்’, ‘ஷன்’ போன்ற வால்களை ஒதுக்கிப் பார்ப்பேன். அமையாவிட்டால் உடனே கலைத்துவிட்டு ‘ரீ’, ‘அன்’ போன்ற தலைகளை ஒதுக்குவேன். எழுத்துகளை ஒரே வரிசையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. கண் அந்த வரிசையையே ஒரு சொல்லாகப் பிடித்துக்கொள்ளும். கையால் நகர்த்திக்கொண்டே இருங்கள். தாளில் எழுதுவதானால் வட்டமாக எழுதுங்கள்.

கணினியிடம் கொடுப்பதானால் வழி இன்னும் அழகானது. ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக அடுக்கலாம். ஒவ்வொன்றையும் அகராதியில் தேட வேண்டியதில்லை. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி, அதை அந்தச் சொல்லின் சாவியாக வைத்துக்கொள்ள வேண்டும். ரீஅலைனின் சாவி ஏ-ஈ-ஜி-ஐ-எல்-என்-ஆர். பல்வரிசையைச் சீராக்க மாட்டிக்கொள்கிறார்களே அலைனர், அதற்கும் அதே சாவிதான். ஒரே எழுத்துகளால் ஆன சொற்களெல்லாம் தாமாக ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். அப்புறம் உங்கள் எழுத்துகளையும் அடுக்கி ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். எல்லா எழுத்தையும் பயன்படுத்த வேண்டாம், சிலவற்றை விட்டுவிடலாம் என்றாலும் ஏழு எழுத்துக்கு 127 சாவிகள்தான். பைதான் நிரல்மொழியில் பத்துப் பதினைந்து வரிக்குள் எழுதிவிடலாம். ஸ்கிராபிள் போட்டிகளில் ஆடுபவர்கள் இந்தச் சாவியை ‘ஆல்ஃபாகிராம்’ என்பார்கள். சாவியைப் பார்த்ததும் சொல் நினைவுக்கு வரும்படி மனப்பாடமே செய்கிறார்கள்.

எதைத் தேடப் போகிறோமோ அதற்கேற்ப அடுக்கி வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. செய்யுள் எழுத உட்கார்ந்தவருக்கு எதுகைச் சொல்தானே வேண்டும்!

ஸ்கிராபிளுக்காகத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். வட அமெரிக்காவில் ஆடுபவர்களின் சொற்பட்டியல் வேறு, மற்ற பல நாடுகளில் புழங்கும் காலின்ஸ் பட்டியல் வேறு. காலின்ஸில் சொற்கள் அதிகம். எந்தப் பட்டியல் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காலின்ஸ்தான்.