வெளிநாட்டில் பிலிப்பினோ பாடத்திட்டம்: கேள்வி பதில்

அக்கா, என் மனைவி பிலிப்பினோ. மகளுக்கு 5 வயது. இங்கே தோஹாவில் பிலிப்பினோ பள்ளியில் சேர்த்தால், மணிலாவில் படிக்கிற அதே பாடம்தானா?

அடிப்படை அதேதான். மழலை வகுப்பு, தொடக்கப் பள்ளி 6 வருடம், ஜூனியர் ஹை 4, சீனியர் ஹை 2. இந்த 12 வருடக் கணக்கு 2013-இல் வந்த சட்டத்தால் வந்தது. அதற்கு முன் 10 வருடத்தில் பள்ளி முடிந்துவிடும். வெளிநாடு போன பட்டதாரிகள் பலருக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். 'அராலிங் பன்லிபுனன்' என்கிற சமூக அறிவியல் பிலிப்பினோ மொழியில். வளைகுடாவில் வளரும் பிள்ளைகள் திணறுவது இங்கேதான். பள்ளியில் நண்பர்களோடு ஆங்கிலம், வீட்டிலும் ஆங்கிலம் என்றால் அந்தப் பாடப்புத்தகம் அந்நியமாகிவிடும். மனைவியை மகளிடம் தகாலோக்கிலேயே (பிலிப்பினோ மொழிக்கு அடிப்படை இதுதான்) பேசச் சொல்லுங்கள். நீங்கள் தமிழில் பேசுங்கள், குழந்தை குழம்பாது.

பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? (ரியாத்)

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. இவை பிலிப்பைன்ஸ் அரசு நடத்தும் பள்ளிகள் அல்ல. அங்குள்ள பிலிப்பினோ சமூகமோ தனியாரோ நடத்துபவை. அங்கீகாரம் தருவது மணிலாவில் உள்ள கல்வித்துறை. வெளிநாட்டு பிலிப்பினோக்களுக்கான ஆணையமும் இதில் கூடவே இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று: அனுமதி நிலைவாரியாகத்தான் கிடைக்கும். ஒரே பள்ளியில் தொடக்கப் பள்ளிக்கு இருந்து, சீனியர் ஹைக்கு இல்லாமலும் போகலாம். எனவே "அங்கீகாரம் உண்டு" என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு உண்டா என்று கேட்டு, கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். மாணவருக்குத் தரப்படும் 12 இலக்க எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது.

அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்துவிட்டால்? எந்த வகுப்பில் சேரலாம் என்று முடிவுசெய்ய பிலிப்பைன்ஸில் 'பெப்ட்' என்ற தேர்வு இருக்கிறது. வழி உண்டு, ஆனால் பிள்ளைக்கு வீண் அலைச்சல்.

அடுத்த வருடம் பிலிப்பைன்ஸில் செபுவுக்குத் திரும்புகிறோம். என்ன காகிதம் வேண்டும்?

மதிப்பெண் அட்டை, அதாவது படிவம் 138, உங்கள் கையில் இருக்க வேண்டும். பிள்ளையின் முழுப் படிப்புப் பதிவான படிவம் 137-ஐப் புதிய பள்ளி கேட்கும், பழைய பள்ளி அனுப்பும். கிளம்பும் முன் கட்டணப் பாக்கி ஏதும் இல்லாமல் முடித்துவிடுங்கள். பாக்கி இருந்தால் பதிவு வருவது இழுத்துக்கொண்டே போகும். அப்புறம், பிலிப்பைன்ஸில் கல்வியாண்டு 2025-இல் மறுபடி ஜூனுக்கு வந்துவிட்டது. வளைகுடாப் பள்ளிகளின் நாட்காட்டி வேறு, பயணத் தேதியை அதைப் பார்த்துப் போடுங்கள்.

எங்கள் ஊரில் பிலிப்பினோ பள்ளியே இல்லை.

கல்வித்துறை அனுமதி பெற்ற வீட்டுவழிக் கல்வி இருக்கிறது. படிப்பு இடையில் நின்றுபோனவர்களுக்கு 'ஏஎல்எஸ்' என்ற மாற்றுக் கல்வி முறை. அதன் தேர்வில் தேறினால் தொடக்கப் பள்ளி அல்லது ஜூனியர் ஹை முடித்ததற்குச் சமம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பெரியவர்களும் இதை எழுதுகிறார்கள், தயங்க வேண்டாம்.

சீனியர் ஹை முடித்துவிட்டு இந்தியாவில் கல்லூரி சேரலாமா?

சேரலாம். இந்தியாவின் 12-ஆம் வகுப்புக்குச் சமம் என்ற சமநிலைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். மருத்துவமோ பொறியியலோ எண்ணம் இருந்தால் 11-ஆம் வகுப்பிலேயே அதற்கேற்ற அறிவியல், கணிதப் பாடங்களை எடுக்கச் சொல்லுங்கள். 12 முடித்த பிறகு மாற்ற முடியாது.