டூகோர் ஹோட்டலைப் படமெடுக்கப் போகிறீர்களா? முதலில் ஜன்னல் வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் வேலை விஷயமாக லைபீரியாவின் மன்ரோவியாவுக்குப் போகிறேன். பாழடைந்து, சீரமைப்புக்குக் காத்திருக்கும் டூகோர் பேலஸ் ஹோட்டலைப் படமெடுக்க ஆசை. ஃபுல் ஃபிரேம் கேமரா, 24-105 லென்ஸ், டிரைபாட் இருக்கிறது. இதுபோன்ற கட்டடங்களில் எனக்கு ஜன்னல் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் அறை கறுத்துப்போகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: 1960-ல் திறந்து, இன்டர்கான்டினென்டல் நிர்வாகத்தில் கொடிகட்டிப் பறந்த எட்டு மாடி ஹோட்டல் அது. 1989-ல், உள்நாட்டுப் போர் மூளும் முன் மூடப்பட்டது. போர்க்காலத்தில் கதவு, குழாய், கைப்பிடி என்று கழற்ற முடிந்ததெல்லாம் போய்விட்டது. அங்கே குடியிருந்தவர்களை அரசு 2007-ல் வெளியேற்றியது. லிபிய முதலீட்டில் தொடங்கவிருந்த சீரமைப்பும் 2011-ல் நின்றுபோனது. ஆகவே அலங்காரப் பொருள் எதையும் தேடாதீர்கள். மிச்சமிருப்பது படிக்கட்டு, தூண், காலி நீச்சல்குளம், திறந்த சட்டங்கள் வழியே தெரியும் கடல். அந்த வடிவம்தான் உங்கள் படம்.

கட்டடம் அரசுடையது, எழுத்துபூர்வ அனுமதியை ஊர் போகும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். டிரைபாட், உள்ளே இருக்கப்போகும் நேரம், ட்ரோன் உண்டா இல்லையா, மூன்றையும் அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இனி ஜன்னல். வெயில் பட்ட கடலுக்கு எஃப்/8, ஐஎஸ்ஓ 100-ல் 1/500 நொடி போதும். அதே அமைப்பில் அறையின் இருண்ட மூலைக்கு 8 நொடி வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் பன்னிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). எந்த கேமராவும் இதை ஒரே படத்தில் சுத்தமாக அடக்காது. டிரைபாடில் பூட்டி, மேனுவலில் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2, 2, 8 என்று இரண்டிரண்டு ஸ்டாப்பாக ஏழு படம் எடுங்கள். ஷட்டர் வேகம் மட்டும்தான் மாற வேண்டும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவைத் தொட்டால் ஃபோகஸ் ஆழம் மாறிப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ரா ஃபார்மட், 2 நொடி டைமர், மேனுவல் ஃபோகஸ், ஸ்டெபிலைசேஷன் ஆஃப், ஒயிட் பேலன்ஸ் 5200 கெல்வினில் நிலையாக. படங்களை இணைக்கும்போது ஜன்னலை அறையைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சமாகவே விடுங்கள். இரண்டையும் சமமாக்கினால் கடல், சுவரில் ஒட்டிய போஸ்டர்போலத் தெரியும். இப்படிப் பல படங்களை இணைத்து உருவாக்கும் எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

24 எம்எம்மில் கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்தாலும் தூண்கள் உள்பக்கம் சாயும். மட்டக்குமிழ் பார்த்து, கேமராவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நேராக வையுங்கள். கூரை வேண்டுமென்றால் செங்குத்தாகப் பிடித்து, அதிகம் விழும் தரையை வெட்டிவிடலாம். இதைவிட அகலமான லென்ஸ் வாங்க வேண்டாம். 16 எம்எம் ஒரு சாதாரண தாழ்வாரத்தைச் சுரங்கப்பாதை ஆக்கிவிடும்.

டிசம்பர் வறண்ட பருவம் என்பது நல்லது. ஆனால் சஹாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் தூசி அடிவானத்தை வெளுக்கடிக்கும். தூரக் காட்சி மங்கினால் மல்லுக்கட்டாமல் உட்புறம் எடுங்கள். அந்த மென்வெளிச்சம் சுவர்களுக்கு அருமையாக இருக்கும். மாலை 5 மணிக்கு மேல் மேற்கு பார்த்த அறைகளில் வெயில் தரைவரை நீளும். சூரியன் மறைவது 6.40 வாக்கில். நிலநடுக்கோட்டுக்கு அருகே என்பதால் அந்தி இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். 6 மணிக்கே மாடியிலிருந்து இறங்கி, நீலநேரத்தை (சூரியன் மறைந்தபின் வானம் நீலமாகும் நேரம்) வெளியே தரையில் நின்று எடுங்கள். மின்சாரம் இல்லாத, கைப்பிடி போன படிக்கட்டில் இருட்டில் இறங்கவே கூடாது.

விபத்து நடப்பது பெரும்பாலும் ஃபிரேம் பார்த்துக்கொண்டே பின்னால் நகரும்போதுதான். லிஃப்ட் குழி திறந்திருக்கலாம், பால்கனி விளிம்பில் தடுப்பு இல்லாமலிருக்கலாம். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நகருங்கள். துணைக்கு ஒருவர், தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, பறவை எச்சத்தூசிக்கு எஃப்எஃப்பி2 முகமூடி கட்டாயம்.

தூண்களில் கான்கிரீட் சில்லுச்சில்லாகப் பெயர்ந்து துருக்கம்பி வெளியே தெரியும் இடங்களைக் கிட்டே போய் எடுங்கள். கடலுப்பு உள்ளே ஊறிக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் மேல்பூச்சைத் தள்ளுகிறது. பக்கவாட்டில், சுவரோடு சுவராகப் பத்து டிகிரி கோணத்தில் டார்ச் அடித்தால் விரிசலின் உதடுகூடப் படத்தில் எழும். பக்கத்தில் 10 செ.மீ. அளவுகோல் வைத்து ஒன்று, இல்லாமல் ஒன்று. சீரமைப்பு என்றைக்குத் தொடங்கினாலும் முதலில் போவது பழைய பூச்சும் நிறமும்தான். அதனால் ஒவ்வொரு முக்கிய அறையிலும் நான்கு சுவரையும் நேர்நோக்கி, முதல் ஃபிரேமில் கிரே கார்டுடன் (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல்நிற அட்டை) எடுத்து, மாடி-அறை-திசை என்று பெயரிட்டு வையுங்கள். கட்டடக் கலைஞருக்கு உங்கள் அந்திப் படத்தைவிட இதுதான் பயன்படும்.

மேல்மாடியிலிருந்து வெஸ்ட் பாயின்ட் குடியிருப்பு தெரியும். அங்குள்ள வீடுகளுக்குள் டெலிஃபோட்டோ நீட்டாதீர்கள். ஆட்கள் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஏசி அறையிலிருந்து நேரே எடுத்துவந்தால் லென்ஸில் ஆவி படியும். ஜிப் பையில் மூடியபடியே முக்கால் மணி நேரம் வெளிச்சூட்டில் வைத்துவிட்டுத் திறவுங்கள். மாலையில் திரும்பியதும் லென்ஸ் முகப்பைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத்துகள் கோடு போட்டுவிடும். முதலில் ப்ளோயர், பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி, கடைசியில்தான் காய்ந்த துணி. டிரைபாட் கால்களையும் நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தே காயவையுங்கள்.