சீஸ் கேள்வி பதில்: பெயரை விடுங்கள், வயதைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன சீஸ் பண்ணையில் தொட்டியடியில் நின்று வேலை கற்றவள் நான். இப்போது டர்பனில் ஒரு கடையில் சீஸ் வெட்டிக் கொடுக்கிறேன். நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். எந்த சீஸுக்கு எந்த ஒயின் என்று கேட்டவர்களுக்கு: அது என் துறை இல்லை.

மிட்ராண்ட் வாசகர்: அக்கா, வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தோம். பனீரும் சதுர ஸ்லைஸும் தவிர ஒன்றும் தெரியாது. கடையில் சீஸ் வரிசையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதில் ஆரம்பிக்கலாம்?

கௌடாவில் ஆரம்பியுங்கள் தம்பி. இந்த நாட்டில் அதுவும் செடாரும் இல்லாத கடை கிடையாது. ஆனால் ஒரே கௌடாவை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இளசு ஒன்று, ஆறு மாதம் தாண்டியது ஒன்று, வருஷம் தாண்டியது ஒன்று, ஒவ்வொன்றிலும் 100 கிராம் வெட்டித் தரச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே முறையில் செய்தவைதான், வயது மட்டும் வேறு. அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தால், சீஸ் என்றால் என்ன என்பதில் பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதி தொட்டியில் நடக்கிறது. பாலை ஏறக்குறைய 30 டிகிரிக்குச் சூடாக்கி, உறைக்கான பாக்டீரியாவையும் பிறகு பாலைக் கெட்டியாக்கும் ரென்னட் என்ற நொதியையும் விடுவோம். அரைமணிக்குக் கொஞ்சம் மேலே போனதும் விரலைச் சாய்வாக உள்ளே விட்டுத் தூக்கிப் பார்ப்போம். உறைந்தது நேர்க்கோடாகப் பிளந்து, பிளவில் பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் தெளிவாக ஊறினால்தான் கத்தி வைக்கலாம். குழைந்து ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். அரிந்த கட்டிகளிலிருந்து பிரியும் தண்ணீரில் ஒரு பங்கை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவுவோம். பாலிலுள்ள சர்க்கரை அதோடு கொஞ்சம் போய்விடுவதால் பாக்டீரியாவுக்குத் தீனி குறையும், புளிப்பும் குறையும். கௌடா இனிப்பது அதனால்தான். செடாரைக் கழுவுவதில்லை. உறைந்ததைப் பாளமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திருப்பித் திருப்பிப் போட்டுப் புளிப்பேறவிட்டு, பிறகு நறுக்கி உப்பிடுவார்கள். அந்தச் சுள்ளென்ற ருசி அங்கேயே வந்துவிடுகிறது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வாயில் போடாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். முக்கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும், டர்பன் கோடையில் அரைமணி போதும். குளிரில் கொழுப்பு இறுகிக் கிடக்கும், மணம் வெளியே வராது.

சாட்ஸ்வொர்த் வாசகி: பழைய கௌடாவில் வெள்ளை வெள்ளையாக மணல் மாதிரி இருக்கிறது. பூசணமா? தூக்கி எறிந்துவிட்டேன்.

எறிந்திருக்க வேண்டாம். பல்லில் நறநறக்கும் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள். புரதம் நாள்பட உடையும்போது உருவாகின்றன. நான் வெட்டும்போது அவை தெரிந்தால் வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவேன். பழைய செடாரின் மேல்புறத்தில் வெண்மை படிந்தால் அது கால்சியம் லாக்டேட், அதுவும் கெடுதல் இல்லை. துடைத்தால் பஞ்சாக வருவதுதான் பூசணம். கெட்டி சீஸ் என்றால் அந்த இடத்தைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். மென்மையான சீஸில் வந்தால் முழுவதையும் எறியுங்கள்.

பீனிக்ஸ் வாசகர்: துருவிய பாக்கெட் சீஸ் மலிவாகப் போடுகிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருக்கும், உருகும்போது திப்பி தட்டும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள்.

டோங்காட் வாசகி: அம்மா, புரட்டாசி முழுக்க நாங்கள் மீன், இறைச்சி, முட்டை தொடுவதில்லை. காவடிக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் சீஸ் சாப்பிடலாமா? பால்தானே என்று மாமியார் சொல்கிறார்.

பால் மட்டும் இல்லை அம்மா. பாலை உறையவைக்கும் ரென்னட் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய முறையில் அது பால்குடி மறக்காத கன்றின் நான்காவது இரைப்பையிலிருந்து எடுப்பது. இப்போது வேறு வழிகளும் உண்டு. ரைசோமியூகர் என்ற பூஞ்சையிலிருந்து ஒரு வகை எடுக்கிறார்கள். கன்றின் நொதிக்குரிய மரபணுவைப் பூஞ்சையிலோ ஈஸ்ட்டிலோ சேர்த்து, தொட்டியில் வளர்த்து எடுப்பது இன்னொன்று. இப்படி மரபணு சேர்த்து எடுக்கும் ரென்னட்டுக்கு அமெரிக்காவில் 1990இல் முதல் அனுமதி கிடைத்தது, இன்று உலகெங்கும் பெரிய ஆலைகளில் சாதாரணமாகப் பயன்படுகிறது. போர்ச்சுகலில் செர்ரா தா எஸ்ட்ரேலா என்ற செம்மறிப்பால் சீஸை ஒரு முட்செடிப் பூவின் சாற்றைக் கொண்டே உறையவைக்கிறார்கள்.

ஆகவே விரத நாட்களில் இப்படிச் செய்யுங்கள். இத்தாலியிலிருந்து வரும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ வேண்டாம், அதன் சட்டப்படியே கன்றின் ரென்னட்தான். கிரானா படானோவும் வேண்டாம், வழக்கமாக அதில் முட்டை வெண்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைமும் சேர்ந்திருக்கும். சுவிட்சர்லாந்து க்ரூயேரிலும் கன்று, ரோக்ஃபோரில் ஆட்டுக்குட்டி. உள்ளூர் செடார், கௌடா என்றால் சைவர்களுக்கு ஏற்றது என்றோ, விலங்கல்லாத ரென்னட் என்றோ அட்டையில் இருக்கிறதா பாருங்கள். வெறும் ரென்னட் என்று மட்டும் இருந்தால், செய்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை விரதத்துக்கு எடுக்காதீர்கள். பனீரைப் பொதுவாக எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரிக்கிறார்கள், அதில் இந்தக் கவலை இல்லை.

பீனிக்ஸிலிருந்து இன்னொருவர்: எங்கள் ஆயா புரட்டாசியில் ரொட்டிக்குள் சீஸும் அச்சாரும் வைத்துத்தான் சாப்பிடுவார். அவர் விரதம் வீண் என்கிறீர்களா? இப்படிச் சொல்லியே மனிதரைக் குழப்புகிறீர்கள்.

ஆயாவின் விரதத்தில் ஒரு குறையும் இல்லை. தனக்குத் தெரிந்ததைக் கொண்டு மனசாரப் பிடித்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு வழி குறைவு, நமக்கு இருக்கிறது. விரதத்தை அளந்து கொடுக்க நான் யாரும் இல்லை. ஆனால் சீஸ் விற்கிறவள், எது எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் மறைக்க மாட்டேன்.

லாடியம் வாசகர்: ரென்னட்டுக்காக யாரும் கன்றை வெட்டுவதில்லை. இறைச்சிக்கு வெட்டியதில் மிஞ்சியதுதான். அதுவும் துளி அளவு. இதற்கு இவ்வளவு பேச்சா?

நீங்கள் சொல்லும் இரண்டும் உண்மை. அளவு மிகக் குறைவுதான், அதிலும் பெரும்பகுதி பிரியும் தண்ணீரோடு வடிந்துவிடும். ஆனால் அந்த அம்மா கேட்டது அளவு அல்ல. குழம்பில் ஒரு துளி மீன்சாறு விழுந்தால் விரதக்காரர் அதைத் தொடுவாரா? துளி என்பதால் பரவாயில்லை என்று அவருக்காக நீங்களும் நானும் முடிவு செய்யக்கூடாது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மாணவர்: பூஞ்சையில் வளர்த்தாலும் மரபணு மாட்டினுடையதுதானே? அப்புறம் அது எப்படிச் சைவம்?

நல்ல கேள்வி. பூஞ்சைக்குள் போனது மரபணுவின் வரிசை, கன்றின் சதை அல்ல. ஒருமுறை சேர்த்துவிட்டால் அந்தப் பூஞ்சையே வளர்ந்து நொதியைத் தந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கன்று தேவைப்படாது. எங்கள் வீட்டில் விரத நாளில் இதைச் சாப்பிடுகிறோம். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் ரைசோமியூகர் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஹலால் முறைப்படி அறுத்த கன்றின் ரென்னட்டும் ஹலால்தான். அந்த முத்திரை பதில் சொல்வது வேறு கேள்விக்கு.

டோங்காட் வாசகி, மறுபடி: மாமியாரிடம் படித்துக் காட்டினேன். இனி கம்பெனிக்கு நானே ஃபோன் பண்ணச் சொல்லிவிட்டார். என்ன கேட்க வேண்டும்?

சைவமா என்று கேட்காதீர்கள், பால்தானே என்று அவர்களும் சொல்லிவிடக்கூடும். உறையவைக்க எந்த ரென்னட், கன்றா, பூஞ்சையா, தொட்டியில் வளர்த்ததா என்று கேளுங்கள். முட்டையிலிருந்து எடுத்த லைசோசைம் உண்டா என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மாமியாருக்கு என் வணக்கம். விரதத்தைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்கிறீர்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

லெனேசியா வாசகி: சீஸை ஃப்ரீசரில் வைக்கலாமா?

சமைக்க மட்டும் என்றால் வைக்கலாம். அப்படியே சாப்பிட வேண்டியதை வைத்தால் பொலபொலத்துப் போகும்.

வெருலம் வாசகர்: மலிவு விலையில் இரண்டு கிலோ வாங்கினேன். ஃப்ரீசரில்...

மேலே பாருங்கள்.

பெயர் சொல்லாதவர்: கரண்ட் போனால் கெட்டுவிடுமா? ஃப்ரீசரில் வைத்தால்?

ஃப்ரீசரை விடுங்கள். கெட்டி சீஸ் சில மணி நேரத்துக்கு அசையாது, ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். ரிக்கோட்டா, காட்டேஜ் சீஸ் மாதிரி ஈரமானவை நான்கு மணி நேரத்துக்கு மேல் சூடேறிக் கிடந்தால் எறிந்துவிடுங்கள். ஒன்று சொல்கிறேன், கொஞ்சமாக வாங்குங்கள். வாரத்துக்கு 150 கிராம் வாங்கி, மெழுகுத்தாளில் சுற்றி, காய்கறித் தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: நீலப் பூசணம் பிடித்த சீஸை எப்படித்தான் சாப்பிடுகிறார்கள்?

கருவாடு வறுக்கும் வாசத்தில் வளர்ந்த நமக்கு இது பெரிய தூரம் இல்லை. பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சையைப் பாலிலேயே கலந்துவிடுவார்கள். சீஸ் உருவானதும் நீள ஊசிகளால் குத்தித் துளை போடுவார்கள். காற்று போகும் இடத்தில்தான் அது நீலமாகும். அடுத்தமுறை ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், ஊசி போன நேர்க்கோடு தெரியும். முதல் தடவை தனியாகச் சாப்பிடாதீர்கள். பழுத்த பேரிக்காய்த் துண்டின்மேல் சுண்டைக்காய் அளவு வைத்து, ஒரு சொட்டுத் தேன் விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து முன்னதாக எடுத்து வைத்தீர்களா?

உம்லங்கா வாசகி: ஐந்து மாதம் கர்ப்பம். பிரீ என்ற மென்மையான சீஸ் சாப்பிட ஆசையாக இருக்கிறது.

வேண்டாம் அம்மா. 2017–18இல் இந்த நாட்டில் லிஸ்டீரியா பரவி இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பச்சைக் குழந்தைகள் பலர். அப்போது அது வந்தது போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியிலிருந்து, சீஸிலிருந்து அல்ல. ஆனால் அந்தக் கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், பிரீ, காமம்பேர், நீல சீஸ் போன்ற ஈரமானவை அதற்குத் தோதான இடம். பச்சைப்பாலில் செய்த எதையும் தொடாதீர்கள். கெட்டி செடார், கௌடா சாப்பிடலாம். பிரீயைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் சாப்பிடலாம் என்பார்கள், அதை உங்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பீனிக்ஸ் வாசகர்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சீஸ் எவ்வளவு சாப்பிடலாம்?

உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும் அண்ணா.

லெனேசியா வாசகர்: பால் குடித்தால் வயிறு ஊதுகிறது.

பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ்தான் காரணம் என்றால், பல மாதம் முதிர்ந்த செடார், கௌடாவில் அது ஏறக்குறைய இருக்காது. சின்னத் துண்டில் ஆரம்பியுங்கள். பனீரிலும் காட்டேஜ் சீஸிலும் மிஞ்சியிருக்கும்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: கரியில் சுடும் சீஸ் ரொட்டிக்கு, அதுதான் பிராய்ப்ரூட்ஜிக்கு, எந்த சீஸ்? துருவிய பாக்கெட்டே போட்டால்...

துருவிய பாக்கெட் வேண்டாம்! மூன்று நான்கு மாதச் செடாரை மெல்லியதாக அரியுங்கள். ரொம்ப முதிர்ந்தது உருகாமல் எண்ணெய் கக்கும். ருசிக்கு வேண்டுமானால் அதில் கொஞ்சம் கலக்கலாம். ரொட்டியின் வெளிப்புறம் வெண்ணெய், உள்ளே சட்னி, தக்காளி, வெங்காயம், மேலும் கீழும் சீஸ். தக்காளி ரொட்டியைத் தொடக்கூடாது, நமுத்துப் போகும். கடைசியில், கரி தணிந்தபிறகு மூடுகம்பியில் வைத்து, அடிக்கடி திருப்புங்கள்.

மிட்ராண்ட் வாசகர், மறுபடி: நீங்கள் சொன்ன மூன்று வயதிலும் கௌடா வாங்கிச் சாப்பிட்டோம் அக்கா. என் மனைவிக்கு முதிர்ந்ததுதான் பிடித்தது. அடுத்து என்ன? ஊர் ஊராகப் போய்ப் பார்க்கவும் ஆசை.

அடுத்து ஆட்டுப்பால். மிட்லண்ட்ஸில் பால்கோவன் பக்கம் ஸ்விஸ்லாண்டில் சானன் ஆடுகளின் பாலில் செய்கிறார்கள், ஆடுகளையும் பார்க்கலாம். கேப் பக்கம் போனால் பார்லில் ஃபேர்வியூவும் ஆட்டுப்பாலுக்குப் பெயர் பெற்றது. டேல்வுட் பண்ணையின் ஹ்யூகெனோ என்ற சீஸ் ஜெர்சி மாட்டுப்பாலில் வருவது. நிறத்தைப் பாருங்கள், சாயம் போடாமலே மஞ்சளாக இருக்கும், பாலில் உள்ள கரோட்டின் அது. ஆட்டுப்பால் சீஸ் வெள்ளை வெளேரென்று இருக்கும், ஆடு கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. ஸ்டான்ஃபர்ட் பக்கம் க்ளைன் ரிவர் பண்ணையில் க்ரூபெர்க் என்ற சீஸைக் கேளுங்கள், க்ரூயேர் வழியில் செய்தது. எங்கே போனாலும் எத்தனை மாதத்தது என்று கேட்டு, ருசி பார்த்து, பிறகு வாங்குங்கள். காரில் ஐஸ் பெட்டி இருக்கட்டும்.