பட்டனை அழுத்தியும் உயிர் வராத கணினி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினி முதல் நாளிலேயே இயங்க மறுத்தால், மதர்போர்டு போய்விட்டது என்றுதான் பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த அச்சத்தோடுதான் எழுதப்பட்டிருந்தன. எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், சுவர் பிளக்கிலிருந்து பிராசசர் வரை மின்சாரம் வரும் பாதையில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது.

கேள்வி: எல்லா வயர்களையும் மாட்டிவிட்டேன். பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். கேபினெட்டின் முன்னால் உள்ள பட்டன் வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் திறந்து மூடுவதில்லை. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த, இன்றைய மேசைக் கணினிகள் பெரும்பாலும் பின்பற்றும் ஏ.டி.எக்ஸ் முறையில், அந்தப் பட்டன் மதர்போர்டில் உள்ள இரண்டு பின்களை ஒரு நொடி தொடவைக்கிறது, அவ்வளவுதான். அதை உணர்ந்த மதர்போர்டு, 24 பின் கனெக்டரில் உள்ள பச்சை வயரை கிரவுண்டோடு, அதாவது கறுப்பு வயரோடு, சேர்க்கும்போதுதான் எஸ்.எம்.பி.எஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற டி.சி-யாக மாற்றித் தரும் பெட்டி) முழுமையாக விழித்துக்கொள்கிறது. ஆனால் அது தூங்கும்போதும் ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதைப் பார்த்துச் செயல்பட மதர்போர்டுக்கு அந்த மின்சாரம்தான் துணை.

ஆகவே முதலில் அந்த 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பல மதர்போர்டுகளில், பிளக்கைச் செருகியதுமே ஒரு சிறு விளக்கு எரியும். விளக்கு இல்லாத போர்டாக இருந்தால், மல்டிமீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, மாட்டியிருக்கும் கனெக்டரின் பின்புறமாக ஊதா வயரிலும் ஏதாவது ஒரு கறுப்பு வயரிலும் முனைகளை வைத்து அளந்துவிடலாம். 5 வோல்ட் வரவில்லை என்றால், சுவர் சாக்கெட், பவர் கார்டு, எஸ்.எம்.பி.எஸ் பின்புறச் சுவிட்ச், எஸ்.எம்.பி.எஸ் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள். பின்புறச் சுவிட்சில் வட்டக்குறி உள்ள பக்கம் அழுந்தியிருந்தால் அது ஆஃப். கேபினெட்டைச் சுவரோரம் தள்ளும்போது இந்தச் சுவிட்ச் தானாகவே அழுந்திவிடுவதும் உண்டு.

5 வோல்ட் வருகிறது, ஆனாலும் அசைவில்லை என்றால், உங்கள் பிரச்சினை பெரும்பாலும் பட்டன் வயரில்தான் இருக்கும். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது பின்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கும். பவர் பட்டன், ரீசெட் பட்டன், பவர் விளக்கு, ஹார்ட் டிஸ்க் விளக்கு ஆகியவற்றின் வயர்கள் அங்கேதான் சேர்கின்றன. அங்கே அச்சிட்டிருக்கும் எழுத்துகள் எள்ளளவு சிறியவை. கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால்கூட ஒரு வரிசை தள்ளி மாட்டிவிடுவது மிக எளிது. மதர்போர்டுக் கையேட்டில் உள்ள படத்தைப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் 6-ஆம் பின்னும் 8-ஆம் பின்னும் பவர் பட்டனுக்கு உரியவை. வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். கணினி எழுந்துவிட்டால் குற்றவாளி பட்டனோ அதன் வயரோதான். ரீசெட் பட்டனின் வயரை அந்தப் பின்களில் மாட்டி, அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்று: 24 பின் கனெக்டர் கடைசி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போக நிறைய அழுத்தம் கேட்கும். அதன் கொக்கி மதர்போர்டின் பல்லில் விழும் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று அசைந்து நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. ஏன்?

பதில்: உங்கள் எஸ்.எம்.பி.எஸ் உயிரோடு இருக்கிறது, தன் கடமையையும் செய்கிறது. எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து தன்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டாம் முறை அசையாததற்குக் காரணம், அந்தப் பாதுகாப்பு இன்னும் விலகவில்லை என்பதே. பிளக்கைப் பிடுங்கி ஓரிரு நிமிடம் காத்திருந்து, பிறகு முயலுங்கள்.

ஷார்ட்டுக்கு நான் அதிகமாகக் கண்ட காரணம், மதர்போர்டுக்குக் கீழே கேபினெட்டில் திருகியிருக்கும் பித்தளைத் தாங்கி. பெரிய ஏ.டி.எக்ஸ் போர்டுக்கென்று தாங்கிகள் முன்கூட்டியே திருகப்பட்ட கேபினெட்டில் சிறிய மைக்ரோ ஏ.டி.எக்ஸ் போர்டை வைத்தால், துளையே இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்று, போர்டின் அடியில் உள்ள சால்டர் முனைகளைத் தொடும். சில ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் வீட்டில் நானே பூட்டிய கணினியில் இது நடந்தது. ஒரு மாலை முழுவதும் ராமையும் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் போர்டைத் தூக்கிப் பார்த்தபோது, அதன் அடியில் பென்சில் முனை அளவு பளபளப்பாக ஒரு தேய்மானம் தெரிந்தது. அந்த ஒரு தாங்கியைக் கழற்றியதும் கணினி எழுந்தது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான்: போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம் ஆகியவற்றை மட்டும் மாட்டி, பின்களைத் தொட்டு இயக்கிப் பார்ப்பேன். போர்டு வந்த வெள்ளிநிறப் பையின் மேல் வைக்காதீர்கள். அதன் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். வெளியே ஓடினால் பிழை கேபினெட்டில். வெளியேயும் ஓடவில்லை என்றால், பிராசசர் சாக்கெட்டின் பின்கள் வளைந்துள்ளனவா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஓடிய பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இயக்கிப் பாருங்கள்.

பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் மாட்டியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட அது மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்.எஸ்.டி-யும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த நொடியே எரிந்துவிடும்.

கேள்வி: ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இதுவும் பவர் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு பவர் கனெக்டரை மட்டும் பார்த்துவிடுங்கள்: பிராசசருக்கான 8 பின் கனெக்டர் மதர்போர்டின் மேல் மூலையில் தனியாக இருக்கும், அதை மாட்ட மறந்தவர்கள் ஏராளம். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டரும் பார்வைக்கு அதைப்போலவே இருந்தாலும், அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பலவந்தமாகத் திணிக்காதீர்கள்.

பிறகு மானிட்டர் கேபிள். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். இரண்டு ராம்களைப் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் வையுங்கள். டி.டி.ஆர் 5 ராம் என்றால், முதல் முறை இயக்கும்போது மதர்போர்டு ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து நடுவில் அணைத்துவிட்டால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பேப்பர் கிளிப் வைத்துச் சோதிக்கலாம் என்கிறார்கள். ஆபத்தில்லையா?

பதில்: முறையாகச் செய்தால் ஆபத்தில்லை. எல்லாப் பாகங்களிலிருந்தும் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றி, பிளக்கையும் பிடுங்கிய பின், 24 பின் கனெக்டரில் பச்சை வயரின் துளையையும் அதன் பக்கத்துக் கறுப்பு வயரின் துளையையும் கிளிப்பால் இணையுங்கள். பிறகுதான் பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால், கையேட்டுப் படத்தில் 16-ஆம் பின் எது என்று பார்த்துச் செய்யுங்கள், உத்தேசமாகக் குத்தாதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறதா என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சில மாடல்களில் சூடு ஏறும்வரை ஃபேன் சுற்றாது. மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு வயர் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இது பளு இல்லாத நிலையின் அளவுதான். இதில் தேறிய எஸ்.எம்.பி.எஸ், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கும்போது தளர்ந்துபோகலாம்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருக் கடையில் ஓடிக் காட்டினார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஓடவில்லை. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது.

பதில்: இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள், இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வீட்டுச் சாக்கெட்டில் எர்த் சரியாக இல்லை என்பதன் அறிகுறி அது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே மின்னிரைச்சலைத் தடுக்கும் சிறு கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு சேர்ந்திருப்பதால், எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டில் நிற்கும். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும் அலட்சியப்படுத்தாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள், அதுவரை அந்தச் சாக்கெட்டில் கணினியை மாட்டாதீர்கள்.

ஓடாததற்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் யு.பி.எஸ்ஸையும் விலக்கி, எர்த் சரியாக உள்ள வேறொரு சுவர் சாக்கெட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். 600 வி.ஏ யு.பி.எஸ் பலவும் 360 வாட் அளவுக்கே தாங்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது போதாது. அங்கும் ஓடவில்லை என்றால், வண்டியில் வந்த குலுக்கலில் ராமோ கிராபிக்ஸ் கார்டோ அசைந்திருக்கும், கழற்றி மாட்டுங்கள்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ்ஸில் ஃபியூஸ் போயிருக்கும் போலிருக்கிறது. திறந்து நானே மாற்றலாமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் அப்படியே இருக்கக்கூடும். மேலும், ஃபியூஸ் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. உள்ளே ஏதோ ஒரு பாகம் ஷார்ட் ஆனதால் போயிருக்கும், புதிய ஃபியூஸும் போட்டவுடனே போகும். மூடியில் உள்ள வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்காமல், பில்லோடு வாங்கிய கடையிலேயே கொடுங்கள்.