சுருட்டை முடி பரட்டையாக நிற்கிறது, கல்யாணத்துக்குள் கெரட்டின் போடலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. ஊர் குடியாத்தம் பக்கம், வேலை ராணிப்பேட்டையில். பிறந்ததிலிருந்தே சுருட்டை முடி. தலைக்குக் குளித்துக் காய்ந்த கொஞ்ச நேரத்தில் புஸ்ஸென்று எழும்பி நிற்கிறது, மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். தை மாசம் கல்யாணம். வேலூரில் ஒரு பார்லரில் கெரட்டின் போட்டால் ஆறு மாதம் அடங்கியிருக்கும் என்கிறார்கள். 7,000 ரூபாய், 1,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். வீட்டில் போர் தண்ணீர்தான், அதற்கு ஃபில்டர் வைத்தால் முடி சரியாகும் என்று ஒருவர் வந்து மீட்டர் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பொடுகும் கொஞ்சம் உண்டு. எதை முதலில் செய்யட்டும் டாக்டர்?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள் அம்மா. கெரட்டின் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம். காய்ந்த முடியைச் சீப்பு போட்டு இழுக்கிற பழக்கத்தை மட்டும் இன்றோடு விடுங்கள், பாதிப் பரட்டை அதிலேயே குறையும். மீதிக்கு என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்தப் பார்லர் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இதே கதையோடு என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

முடியின் வெளிப்புறம் கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. நேரான முடியில் தலையின் எண்ணெய் வேரிலிருந்து நுனிவரை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், சுருட்டையில் வளைவுக்கு வளைவு தடைப்பட்டு நுனி எப்போதும் காய்ந்தே கிடக்கும். காய்ந்த முடியில் செதில்கள் தூக்கி நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் காற்றில் இருக்கிற ஈரம் அந்த வழியாக உள்ளே போகும். காற்று முழு ஈரமாக இருந்தால் முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இழையும் தன் இஷ்டத்துக்கு உப்பி, தன் இஷ்டத்துக்கு வளைகிறது, அதைத்தான் நாம் பரட்டை என்கிறோம். இது நோய் இல்லை. முடியின் வளைவை முடிவு செய்வது தோலுக்குள் இருக்கிற வேர்ப்பை, அதனால் திருப்பதியில் மொட்டை போட்டாலும் திருத்தணியில் போட்டாலும் வருவது அதே முடிதான், வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னாலும் சரி.

இப்போது கெரட்டின். முடியே ஆகியிருக்கிற புரதத்தின் பெயர் அது, கேட்டால் ஏதோ சத்து ஏற்றுகிறார்கள் போலத் தோன்றும். பாட்டிலில் இருக்கிற புரதம் உங்கள் முடியோடு போய்ச் சேர்ந்து முடியாகிவிடாது. நேராக்கிப் பிடித்து வைப்பது ஃபார்மால்டிஹைடு, அதன் மேல் 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்பு. அந்த ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின், பிரேதம் கெடாமல் வைக்க ஊற்றுகிறார்களே அதுதான். 2018ல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் மீனே வேண்டாம் என்று ஒதுங்கினோம், அதே சாமானுக்கு 7,000 ரூபாய் கொடுத்து ஏசி அறையில் மூன்று மணி நேரம் உட்காருகிறோம். புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அதைச் சேர்த்துவிட்டது. ஒரு தடவை போட்டால் புற்று வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. கண் எரிச்சலும் மூச்சு அடைப்பும் அன்றைக்கே வரும். உங்களை விட, அந்தப் புகையைத் தினமும் சுவாசிக்கிற பார்லர் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

"எங்களுடையது ஃபார்மால்டிஹைடு இல்லாதது மேடம்" என்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மெத்திலீன் கிளைகால் என்று எழுதியிருந்தால் அதுவும் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடுதான். கிளையாக்ஸிலிக் அமிலம் என்று இருந்தால் கதை வேறு. நானோபிளாஸ்டியா, ஹேர் போட்டாக்ஸ் என்று இப்போது ஓடுகிற பலவற்றில் அதுதான் இருக்கிறது. 2024ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் அமிலம் இருந்த கிரீமால் மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்டார், மூன்று தடவையும் வாந்தி, முதுகு வலி, சிறுநீரகம் பாதிப்பு. அந்த அமிலம் தலைத்தோல் வழியாக உள்ளே போய் ஆக்ஸலேட் என்கிற உப்பாகி, சிறுநீரகத்தில் படிகமாக உட்கார்ந்துவிடுகிறது என்பது எலிச் சோதனையிலும் தெரிந்தது. ஏற்கனவே போட்டுக்கொண்ட உங்கள் தோழிகள் யாருக்காவது அன்றோ மறுநாளோ வாந்தியும் முதுகு வலியும் வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாமல் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள்.

பாட்டிலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், உள்ளே இருக்கிற பொருட்களின் பட்டியல் எல்லாம் இருந்தாக வேண்டும், வெளிநாட்டுச் சரக்கு என்றால் பதிவு எண்ணும். பல இடங்களில் கொண்டுவருவது ஒரு கிண்ணம். அதில் எந்த பாட்டிலிலிருந்து ஊற்றினார்கள் என்பது ஊற்றிய பெண்ணுக்கே தெரியாது, சப்ளை பண்ணுகிற டீலர் மாசா மாசம் இத்தனை பேருக்குப் போட்டால் இவ்வளவு என்று கமிஷன் வைத்திருப்பார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இதையெல்லாம் பார்க்க வேண்டிய துறை ஒன்று இருக்கிறது. ஒரு அதிகாரி பார்லருக்குள் நுழைந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. மருந்துக்கடையில் ஒரு மாத்திரையை பில் இல்லாமல் விற்றால் வருகிற கோபத்தில் கால்வாசி இங்கே வந்தால் போதும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டோமே என்று போகாதீர்கள். அந்த 1,000 ரூபாயைக் கல்யாண மேக்கப்பில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்தது மீட்டர் போட்டவர். அவர் காட்டியது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லா உப்பும் சேர்த்து. முடியைச் சொரசொரப்பாக்குவது கால்சியம், மெக்னீசியம் என்கிற கடினத்தன்மை. அதற்குத் தனிச் சோதனை. மீட்டருக்கு அடுத்தபடி இரண்டு இரும்புக் கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள், போர் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாகும், ஆர்ஓ தண்ணீர் தெளிவாகவே இருக்கும், வீட்டில் எல்லோரும் வாயில் கை வைப்பார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்த அழுக்கு இல்லை, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் கரண்ட் ஓடாது, அதனால் கம்பியும் கரையாது. அந்த ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஷவரில் மாட்டுகிற கரி ஃபில்டர் குளோரினை எடுக்கும், மண்ணை எடுக்கும், கடினத்தன்மையைத் தொடாது. அதை எடுக்க ரெசின் போட்ட சாஃப்ட்னர் வேண்டும், முடிக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று நிஜமாகவே தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை குடிக்கலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. நம் பக்கத்துப் போர்களில் இது சர்வ சாதாரணமாக ஏறி நிற்கும், ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே சாட்சி. அதற்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தலைக்கு சோப்பு போடாதீர்கள், கடினத்தன்மை உள்ள தண்ணீரில் சோப்பு திரிந்து முடியில் பிசுக்காக ஒட்டும். ஷாம்பு அப்படித் திரியாது. கடைசி இரண்டு சொம்பு மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றிக்கொள்ளுங்கள்.

சரி, முடிக்கு வருவோம். வாரம் இரண்டு தடவை தலைக்குக் குளித்தால் போதும். ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் காதுக்குக் கீழே இருக்கிற நீளத்துக்கு, அதுவும் தாராளமாக. கண்டிஷனர் முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பாலோ விரலாலோ நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போய்ச் சிக்கெடுங்கள், சிக்கெடுப்பது அந்த ஒரு வேளைதான். அலசிய பிறகு டர்க்கி டவலால் தேய்க்கக் கூடாது, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணியால் முடியைக் கசக்கி ஒற்றி எடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே ஜெல் தடவி, காயும்வரை கையே வைக்காமல் விட்டுவிடுங்கள், இதுதான் யாருக்கும் பொறுமை இல்லாத இடம். ஜெல்லுக்குக் கடைக்குப் போக வேண்டாம், கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவிட்டால் முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வரும், சூட்டோடு துணியில் வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் ஓடும். காய்ந்ததும் விறைப்பாக இருக்கும், உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கசக்கிவிட்டால் இளகிவிடும். கிளிசரின் நிறைய இருக்கிற கிரீம் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இன்னும் இழுக்கும், அதை ஒதுக்குங்கள். கண்டிஷனரில் இருக்கிற சிலிக்கோன் கெடுதல் என்று ஒரு புரளி இருக்கிறது, பரட்டைக்கு அது நல்லதே செய்கிறது. சீயக்காய் போடுவதானால் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டின நீர் மட்டும், தூளைச் சுருட்டை முடியில் தேய்த்தால் சிக்கு விழுந்துவிடும். இரவில் தளரப் பின்னி, ஓரச் சரிகையை வெட்டிவிட்டு பழைய ஆரணிப் பட்டில் தலையணை உறை தைத்துப் படுங்கள். பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை பரட்டைக்கு ஒன்றும் செய்யாது, தைராய்டு டெஸ்ட் ரிசல்ட்டைக் குழப்பும் என்பதுதான் மிச்சம்.

குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் வைப்பது நல்லதே. அது முடித்தண்டுக்குள் போய்ப் புரத இழப்பைக் குறைக்கிறது, மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003ல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனிக்காரர்கள்தான், இருந்தாலும் விஷயம் சரி.

ஆனால் உங்களுக்குப் பொடுகு இருக்கிறது, அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் கிருமிக்கு எண்ணெய்தான் சாப்பாடு. "தலை வறண்டதால்தான் பொடுகு" என்று அம்மா மண்டையில் எண்ணெயைக் கொட்டித் தேய்ப்பார், அரிப்பு அன்றைக்கு அடங்கும், நாலாம் நாள் இரட்டிப்பாக வரும். எண்ணெயே கூடாது என்று சொல்லவில்லை. தலைத்தோலில் படாமல், காதுக்குக் கீழே தொங்குகிற முடிக்கு மட்டும், குளிக்கப் போகிற அரை மணி முன்னால். பின்னல் போட்டுக்கொண்டு பின்னலுக்கு மட்டும் தடவினால் மேலே ஏறாது. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு தடவை, தலைத்தோலில் தேய்த்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டு அலசுங்கள், போட்டவுடன் அலசினால் காசு சாக்கடைக்குப் போகும். நாலு வாரம் செய்யுங்கள். அந்த ஷாம்பு முடியைக் காய வைக்கும், அதனால் அதைப் போடுகிற அன்று கண்டிஷனர் கூடுதலாக. நாலு வாரத்திலும் போகவில்லை, அல்லது காதுக்குப் பின்னாலும் புருவத்திலும் செதில் செதிலாக வருகிறது என்றால் நேரில் காட்டுங்கள், அது வேறாகவும் இருக்கலாம்.

கல்யாணத்துக்கு வந்தால், சுருட்டை முடி நேராக இருந்தால்தான் ஜடை நிற்கும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வழுக்குகிற முடியில்தான் சவுரி இறங்கும், பூ சரியும், முப்பது ஊசி குத்த வேண்டிவரும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து ஜெல் போட்டுக் காயவிடுங்கள், மேக்கப் போடுகிறவரிடம் அயர்ன் எடுக்கக் கூடாது, காய்ந்த முடியை பிரஷ் பண்ணக் கூடாது, முன்பக்கம் மட்டும் லேசாக ஈரப்படுத்திப் படிய வைத்தால் போதும் என்று அட்வான்ஸ் பேசும்போதே சொல்லிவிடுங்கள். மார்கழியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு அலங்காரத்தையும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவது நல்லது, அன்று மழை பெய்தால் இன்னும் நல்லது.